இலையில்லாப் பூவும் ஒரு ஜாம் போத்தலும்

1

இன்று காலை அந்தப் பூக்கள் திரும்பவும் வந்திருந்தன.

மெல்பேர்ணுக்குக் கிழக்கே மலைப்பக்கமாக ஒரு தோட்டம். மார்கரெட் என்ற வயதான வெள்ளைக்கார அம்மாவின் வீடு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானும் ரஹீமும் அங்கே புல் வெட்டப் போவோம். போன தடவை ஆப்பிள் மரத்தடியில் வெறும் மண்தான் கிடந்தது. நடுவில் இரண்டு நாள் மழை. இன்று பார்த்தால் அதே மண்ணில் ஊதா நிறப் பூக்கள் கூட்டமாக நிற்கின்றன. பெயருக்கு ஒரு இலை கிடையாது. வெளிறிய காம்பு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து நேரே வந்து பூவாக விரிந்திருக்கிறது. யாரோ பூக்களைக் கிள்ளிக்கொண்டுவந்து மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே மார்ச், ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம். மற்ற மரஞ்செடியெல்லாம் கடையைக் கட்டுகிற நேரத்தில்தான் இந்தப் பூ வெளியே வரும். இலை பிறகுதான். குளிர் போய் வசந்தம் பிறந்ததும் அகலமாக வளர்ந்து, கோடைக்குள் காய்ந்து, செடி இருந்த இடமே தெரியாமல் போய்விடும். பூ இருக்கும்போது இலை இருக்காது, இலை இருக்கும்போது பூ இருக்காது. அதைத்தான் நான் போன வருடம் அறியாமல் இருந்தேன்.

மெஷினை நிறுத்திவிட்டுக் குந்தியிருந்து பார்த்தேன். கை தானாக முன்னே போனது. இழுத்துக்கொண்டேன். பின்னால் நின்ற ரஹீம் அந்த மரத்தடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிவரப் புல்லை வெட்டி முடித்தான்.

போன வருடம் இந்தப் பூவைத்தான் நான் பறித்து, காயவைத்து, வயிற்றில் பிள்ளையோடு இருந்த என் மகளுக்குப் பாலில் போட்டுக் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். குங்குமப்பூ என்று நினைத்து அனுப்பினேன். அது குங்குமப்பூ இல்லை. நஞ்சு.

2

எனக்குச் சொந்த இடம் மன்னார்ப் பக்கம். இங்கே வந்து பதின்மூன்று வருடமாகிறது. படகேறிக் கடலால் வந்தவன் என்று சொன்னால் மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். கையில் இருப்பது பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதி. வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டுப் போகவும் செய்யலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். ஆனால் போனால் திரும்பி வரமுடியாது.

மனைவி திரேசாவும் மகள் டிலானியும் ஊரில். நான் புறப்பட்டபோது டிலானிக்கு ஒன்பது வயது. இங்கே அடிக்கடி நிரப்பவேண்டியிருந்த படிவங்களில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் யார் என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் அவளுடைய பெயரை எழுதுவது எனக்கு ஒரு சந்தோசம். நல்ல எழுத்தில் எழுதுவேன். ஒரு வருடம் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதவேண்டி வந்தது. படிவம் நிரப்ப உதவிய தமிழ்ப் பிள்ளை, "கவலைப்படாதேங்கோ அங்கிள், இது சும்மா ஒரு கேள்விதான்" என்றாள். சும்மா கேள்விதான். விசா கிடைத்தால் என்னோடு வரக்கூடிய ஆட்களின் பட்டியலில் இருந்து என் மகள் இறங்கிவிட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பிள்ளையின்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் டிலானிக்குக் கலியாணம் நடந்தது. கோயிலில் முன்வரிசைக் கதிரை ஒன்றில் போனை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அந்தக் கதிரைதான் நான். அவளைப் பீடம்வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது அவளுடைய தாய்மாமன். எல்லாம் முடிந்து அவள் கதைத்தபோது, "தாலி கட்டினதைப் பாத்தனீங்களோ அப்பா?" என்று கேட்டாள். "வடிவாப் பாத்தனான் பிள்ளை" என்றேன்.

அதற்கு அடுத்த தை மாதம் அவள் பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தி வந்தது. நான் செய்த முதல் வேலை, குங்குமப்பூவைப் பற்றி யோசித்ததுதான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. திரேசா டிலானியைச் சுமந்த காலத்தில் நான் மன்னார் பஜாரில் ஒரு குங்குமப்பூப் பெட்டி வாங்கினேன். தீப்பெட்டியிலும் சிறிய பிளாஸ்டிக் பெட்டி. கடைக்காரர் அதை மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தார். பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும் என்று சொன்னார்கள். திரேசாவும் ஒழுங்காகக் குடித்தாள். டிலானி என் நிறத்திலேயே பிறந்தாள். பெட்டியோடு போட்டுக் காய்ச்சியிருந்தாலும் அவள் என் நிறம்தான் என்று திரேசா இன்றைக்கும் நக்கலடிப்பாள். வெறும் பெட்டி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. மூடியில் ஒரு படம் இருந்தது. ஊதாப் பூ, இலை கிடையாது, நடுவில் நார் நாராக. டிலானி தன்னுடைய முதலாவதாக விழுந்த பல்லை அதற்குள்தான் போட்டு வைத்தாள். நான் புறப்பட்ட அன்று அது ஷோகேஸில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் குங்குமப்பூவின் செடியை யார் கண்டார்கள்? எல்லாருக்கும் தெரிந்தது பெட்டிதான். எனக்கும் அந்த மூடிப்படம்தான் தெரியும்.

3

ஆகவே போன வருடம் மார்கரெட்டின் ஆப்பிள் மரத்தடியில் அந்தப் பூக்களைக் கண்டபோது, மூடிப்படத்தை மண்ணில் விரித்து வைத்ததுபோல இருந்தது. அன்று ரஹீம் லீவு. அவன் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உள்ளே இருந்த நார்கள் மஞ்சளாக இருந்தன. பெட்டியில் வந்தது சிவப்பு என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் கடையில் விற்கிறதுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். மஞ்சளைக் கண்டதும் என்ன நினைத்தேன் தெரியுமா? இதுதான் கலப்படமில்லாத அசல் என்று நினைத்தேன். எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமைகூட வந்தது.

மார்கரெட்டிடம் போய்க் கேட்டேன். என் இங்கிலிஷ் வேலைக்கான இங்கிலிஷ். மண், தண்ணி, வெட்டு, நாளைக்கு வாறன், அவ்வளவுதான். "இந்தப் பூ கொஞ்சம். என் மகளுக்கு" என்றேன். அவவுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. எவ்வளவு வேண்டுமோ பறித்துக்கொள் என்று கையைக் காட்டினா. மகள் இங்கேயே, நான் இருக்கிற டார்னெய்டில் இருக்கிறாள், ஒரு கண்ணாடிக் குவளையில் வைக்கப்போகிறாள் என்று அவ நினைத்திருக்க வேண்டும். பாலில் போட்டுக் குடிக்க என்று நான் சொல்லவில்லை. சொற்களைத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். மகளின் வயிற்றைப் பற்றி ஒரு அந்நிய மனுசியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதை இன்றைக்கும் நினைத்து நினைத்து என்னை நானே திட்டுகிறேன்.

டார்னெய்டில் ஜெயராணி அக்கா வீட்டில் ஒரு அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். ஜன்னல் விளிம்பில் வெள்ளைக் கடதாசி விரித்து, அக்காவின் மூத்தவளிடம் புருவம் பிடுங்குகிற சாமானை இரவல் வாங்கி, ஒவ்வொரு பூவாக நாரை எடுத்தேன். அந்தப் பெட்டை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அங்கிள் வீட்டுக்குள்ள போதைமருந்து செய்யிறார்" என்று இங்கிலிஷில் கூவினாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். பதில் மட்டும் இங்கிலிஷில்தான் வரும்.

"அங்கிள் தன்ர மகளுக்குக் குங்குமப்பூ காயவிடுறார். நீயும் ஒருநாள் குடிப்பாய்தானே" என்றா அக்கா.

"நான் ஏன் வெள்ளையாப் பிள்ளை பெறவேணும்?" என்று அதற்கும் இங்கிலிஷில் கேட்டாள். சரியான கேள்விதான். எனக்குத் தேவைப்பட்டது பிள்ளையின் நிறம் இல்லை. அந்தப் பாலில் என்னுடைய பங்காக ஏதாவது இருக்கவேண்டும், அவ்வளவுதான். கலியாணத்துக்கு நான் செய்தது ஒரு கதிரையை நிரப்பியது. அதையும் போன்தான் செய்தது.

காய்ந்த நார் ஒரு சின்ன ஜாம் போத்தலில் கால்வாசிக்கு வந்தது. ஈஸ்டர் விடுமுறைக்கு அக்கா பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறா என்றதும் பாதி டார்னெய்ட் பொதியோடு வந்து நின்றது. எடை பார்த்து, திட்டி, சிலதைத் திருப்பிக் கொடுத்து, என் போத்தலை மட்டும் தன்னுடைய உடுப்புக்குள் சுற்றி வைத்தா. "இதுக்கு நான் பொறுப்பு" என்றா. சொன்னபடி கொண்டுபோய்த் திரேசாவின் கையில் கொடுத்தும்விட்டா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் முதல் கேள்வி அதுதான்.

"பால் குடிச்சனியே பிள்ளை?"

"ஓம் அப்பா. மூண்டு நார் போடுறன். நல்ல மஞ்சளா வருது."

"வாசம்?"

"வாசமும் நல்லா இருக்கு."

திரேசா பக்கத்தில் இருந்து போனை வாங்கி, "நானும் மணந்து பாத்தனான். கடைச் சாமான் மாதிரி இல்லை" என்பாள். நான்கு ஞாயிறு இப்படிப் போனது. அந்த நான்கு கிழமையும் நான் வேலைத்தலத்தில் பாடிக்கொண்டு திரிந்ததாக ரஹீம் பிறகு சொன்னான். பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவையாக, பால் காய்ச்சுகிற அந்தக் குசினிக்குள் நானும் நிற்பதுபோல இருந்தது.

4

ரஹீமும் கடலால் வந்தவன்தான். ஆப்கானிஸ்தானில் ஹெராத் பக்கம். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் இங்கிலிஷ் எந்த நாட்டுக்காரருக்கும் விளங்காது, எங்களுக்கு நன்றாக விளங்கும். அவனுடைய ஊரில் குங்குமப்பூ வயலிலேயே விளைகிறது என்பது எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் ஒரே வேலை வான் வண்டியில் போய்வந்தும் நான் அதை அவனிடம் கேட்டதில்லை.

வைகாசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். வானுக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்கு அனுப்பியது போக மிச்சத்தில் ஒரு சிட்டிகையைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். பெருமை அடிக்கிற எண்ணத்தில் எடுத்து நீட்டினேன்.

"குங்குமப்பூ. நானே பறித்தது. மகளுக்கு அனுப்பினேன்" என்றேன்.

அவன் முகம் விரிந்தது. பெட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். விரிந்த முகம் அப்படியே நின்றது. ரொட்டி சுற்றிய கடதாசியை மடியில் விரித்து நார்களை அதில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"எங்கே பறித்தாய்?"

"மார்கரெட் வீட்டில்."

"இலை இருந்ததா? புல்லுமாதிரி, மெல்லிய இலை?"

"இல்லை. பூ மட்டும்."

"ஒரு பூவில் எத்தனை நார்?"

"ஆறு."

அவன் சாப்பாட்டை மூடிவைத்தான். குங்குமப்பூவில் மூன்றே மூன்று நார்தான் எடுக்கவேண்டும், அது இரத்தச் சிவப்பு, பறிக்கிற காலத்தில் தன் தாயின் விரல்நுனி நாள்கணக்காக நிறம் மாறிக் கிடக்கும் என்றான். பிறகு போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினான். மார்கரெட்டின் ஆப்பிள் மரத்தடிப் பூ. அதன் கீழே இருந்ததைத் தனக்குள் வாசித்தான். எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

"என்ன எழுதியிருக்கு?"

"மாடு தின்றால் செத்துப்போகும். கிழங்கு, இலை, பூ, எல்லாமே" என்றான் மெதுவாக. போனை வாங்கி நானே கீழே தள்ளிப் பார்த்தேன். இதே நஞ்சு உள்ள இன்னொரு செடி என்று அங்கே வேறொரு படம் இருந்தது. அது கார்த்திகைப் பூ.

அதற்குமேல் எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. வேலியில் கார்த்திகைப் பூப் படர்ந்தால் எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஆட்டை அந்தப் பக்கம் கட்டவிடமாட்டார்கள். அந்தக் கிழங்கைத் தோண்டி விளையாடிய பிள்ளைக்கு அடி விழும். பூவின் அழகைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வா என்பார்கள். அந்தச் சாமானைத்தான் நான் என் பிள்ளைக்கு, அவள் வயிற்றுப் பிள்ளைக்கு, போத்தலில் அடைத்து அனுப்பியிருக்கிறேன்.

போன் அடித்தேன். ஊரில் அப்போது காலை எட்டு மணி. டிலானியின் போன் அணைந்து கிடந்தது. திரேசாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காலைப் பூசைக்குப் போனால் அவள் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். மருமகன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தான். அக்கம்பக்கத்தில் யாருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டு இலக்கம் ஒன்றை வாங்கி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

யாரோ ஒருவரின் புல்தரையில் போய் இருந்துகொண்டேன். நான்கு கிழமை, ஒரு நாளைக்கு மூன்று நார். கணக்குப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். ரஹீம் வந்து பக்கத்தில் இருந்து தன்னுடைய மொழியில் எதையோ முணுமுணுத்தான். நான் எங்கள் மடுக் கோயில் மாதாவோடு பேரம் பேசினேன். தாயே, எனக்கு இனி விசா வேண்டாம். அந்தக் கடிதம் வராமலே போகட்டும். நான் இங்கேயே கிடந்து செத்துப்போகிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. வாயால் சொன்னேன். மனதாலும் சொன்னேன்.

5

முக்கால் மணித்தியாலம் கழித்து டிலானியே எடுத்தாள்.

"என்னப்பா வேலை நேரத்தில? இத்தினை மிஸ்ட் கோல். போன் சார்ஜ் இல்லாமக் கிடந்தது."

"பிள்ளை, அந்தப் பூவை இனித் தொடாதை. அது குங்குமப்பூ இல்லை, நஞ்சு. என்ர பிழை. உடன அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. வயித்துக்குள்ள பிள்ளை துடிக்குதே? கடைசியா எப்ப குடிச்சனி?"

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"அப்பா," என்றாள். "நான் குடிக்கேல்லை."

"இண்டைக்கோ?"

"ஒருநாளும் குடிக்கேல்லை அப்பா."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "கிளினிக் நேர்ஸ் மிஸ் லேபல் இல்லாத ஒண்டையும் வாயில வைக்கவேண்டாம் எண்டு சொன்னவ. திறந்து மணந்தும் பாத்தனான். வைக்கோல் மாதிரிக் கிடந்தது. உங்களிட்டச் சொன்னா மனம் நோவீங்கள் எண்டு அம்மாவும் நானும் சொல்லாம விட்டிட்டம்."

"அப்ப பால் மஞ்சளா வந்தது எண்டனீ?"

"குங்குமப்பூப் போட்டா மஞ்சளாத்தானே வரும். அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

நான் அழத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அதைப் பார்த்த ரஹீம் பிள்ளை போய்விட்டது என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதான். குடிக்கவில்லை, குடிக்கவில்லை என்று அவனுக்கு எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது. என்னை உதறித் தள்ளிவிட்டு எழும்பி நின்று சிரித்தான்.

"போத்தல் எங்க இப்ப?" என்று கேட்டேன்.

"ஷோகேஸில. பல்லுப் பெட்டிக்குப் பக்கத்தில."

"எடுத்து ஆழமாத் தாட்டுப் போடு. கிணத்துக்குக் கிட்ட வேண்டாம். ஆடு மாடு வாய் வைக்காத இடமாப் பாத்துத் தாழு."

"பூட்டித்தானே இருக்கு. இருக்கட்டும் அப்பா."

"ஏன்ரி இருக்கவேணும்?" சத்தம் போட்டுவிட்டேன்.

"இந்த வீட்டில நீங்கள் கையால செய்து அனுப்பின சாமான் அது ஒண்டுதான்" என்றாள். "மிச்சமெல்லாம் கடையில வாங்கினது."

ஆனால் சில மாதத்தில் அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழப் போகிறது. புதைக்கத்தான் வேண்டும் என்றேன். அன்று பின்னேரம் திரேசா வேலிக்கு அப்பால் குழி வெட்டினாள். டிலானி போத்தலைப் போட்டாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள். நிரவிய மண் மட்டும்தான் படத்தில் இருந்தது.

அடுத்தமுறை மார்கரெட்டுக்கு நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை எல்லாச் சொல்லையும் தேடி எடுத்துச் சொன்னேன். அவ வாயைப் பொத்திக்கொண்டு படியில் இருந்துவிட்டா. அவவுடைய தாய் தகப்பனின் நாட்டில் இந்தப் பூ புல்வெளியெங்கும் காடாக வளருமாம். மாட்டை விடுமுன் பிடுங்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புவார்களாம். இங்கே வரும்போது அந்தத் தாய்தான் ஆசைக்கு நாலு கிழங்கை மணலோடு ஒரு தகரத்தில் போட்டுக் கப்பலில் கொண்டுவந்தாவாம். கடலால் வந்த அந்தக் கிழங்கிடம் யாரும் ஒரு படிவமும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மார்கரெட் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடு என்றா. வேண்டாம், அது தன்பாட்டில் நிற்கட்டும் என்றேன்.

6

பிள்ளை தப்பிவிட்டது. அது ஒரு பொய்யால் தப்பிய பிள்ளை. அந்த நன்றி எனக்கு ஒரு கிழமைதான் நின்றது.

அடுத்த ஞாயிறு திரேசாவிடம், "கால் உளைவு எப்பிடி?" என்று கேட்டேன். "இப்ப நல்ல சுகம்" என்றாள். பன்னிரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய பதில். அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கவில்லை. பால் மஞ்சளாக வந்தது என்று வாசம் முதற்கொண்டு சொன்ன வாய்தானே இது. வீட்டுக் கூரை ஒழுகவில்லை என்றது, மருமகன் தங்கமானவன் என்றது, நான் இல்லாத குறை ஒன்றும் தெரியவில்லை என்றது, எதை எடுத்து எங்கே வைப்பது? இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கோபம் வந்தது. இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது என்னுடைய பொய் ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. கோபம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அன்றைக்கே டிலானியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, உன்ர தாலி கட்டினதை நான் பாக்கேல்லை. பாதர் தாலியை மந்திரிக்கேக்க படம் அப்பிடியே நிண்டுட்டுது. பிறகு வரேக்க எல்லாரும் எழும்பிப் போகினம். பாத்தனான் எண்டு சொன்னது பொய்."

"எனக்குத் தெரியும் அப்பா" என்றாள் டிலானி. "நான் போனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அது இருட்டாப் போனது தெரிஞ்சது. நீங்கள் பாத்தனான் எண்டு சொல்லேக்க ஓம் எண்டிட்டன்."

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் ஒப்பந்தம் என்று ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. திரேசாவுக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம், வலது கண்ணில் புகை படர்ந்ததுபோல் தெரிகிறது என்பதை ஒரு ஞாயிறு அறிந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னர் மெஷினில் கை அகப்பட்டு மூன்று மாதம் வேலை இல்லாமல் ஜெயராணி அக்காவின் சோற்றைத் தின்றதை நான் சொன்னேன். என் விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். திரேசா அழுதாள். முந்தியென்றால் நாங்கள் சிரித்துவிட்டுப் போனை வைப்போம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் அழுதுதான் வைக்கிறோம். எது நல்லது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஆவணியில் பேரன் பிறந்தான். என் நிறம். திரேசா நக்கலடித்தாள்.

7

ரஹீம் கோடையில் எனக்கு ஆறு கிழங்கு கொண்டுவந்து தந்தான். சின்ன வெங்காயம் அளவு. அசல் குங்குமப்பூ. காய்கறிக் கடையில் எறிகிற, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் மண் போட்டு நட்டேன். முளை தெரியும்வரை தண்ணீர் காட்டாதே என்று இரண்டு தடவை சொன்னான். நான் மன்னார் ஆள். காய்ந்த மண்ணைக் கண்டுவிட்டுச் சும்மா கடந்துபோக எனக்கு வராது. பின்னேரம் வேலையால் வந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே போனதில்லை. நாலு கிழங்கு அழுகிவிட்டது. ரஹீம் தன்னுடைய மொழியில் திட்டினான். அதுவும் எனக்கு விளங்கியது.

மிஞ்சிய இரண்டில் ஒன்று போன ஞாயிறு பூத்தது. மெல்லிய புல்போல இலை, நடுவில் ஊதாப் பூ ஒன்று. அதற்குள் மூன்று நார், இரத்தச் சிவப்பு, இதழுக்கு வெளியே தொங்கிக்கொண்டு. மூன்றுதானா என்று திரும்பத் திரும்ப எண்ணினேன். பிறகு ரஹீமுக்குப் படம் அனுப்பி, அவன் ஓம் என்ற பிறகுதான் நம்பினேன்.

பின்னேரம் நாலு மணிக்கு டிலானி வீடியோவில் வந்தாள். மடியில் பேரன், போனைப் பிடித்துச் சப்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அசல் பூ பூத்திருக்கு பிள்ளை" என்றேன். "மூண்டு நார்தான் வரும். காயவிட்டு எடுத்து வைக்கிறன். ஆரும் போனா அனுப்பட்டே?"

"அனுப்ப வேண்டாம் அப்பா" என்றாள். "நீங்கள் வரேக்க கொண்டு வாங்கோ."

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பதின்மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி மழுங்கிய பதில். வாற வருசம் சரிவரும் பிள்ளை, லோயர் சொன்னவர், கடிதம் வரப்போகுது. அது நாக்குநுனிவரை வந்துவிட்டது. போனவருடம் ஒரு புல்தரையில் இருந்து மாதாவுக்கு நான் கொடுத்த வாக்கும் அதோடு கூடவே வந்தது.

"வருவனோ தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பேரனின் வாயிலிருந்து போனை விலக்கித் துடைத்தாள்.

"ஓம் அப்பா" என்றாள். "பூ எத்தினை நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள். கூடினா மூண்டு."

"அப்ப இப்பவே காட்டுங்கோ. இவனும் பாக்கட்டும்."

எழும்பி வெளியே போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, போனைத் திருப்பி, பூவுக்கு நேரே பிடித்தேன். வெயில் சாய்ந்து சிவப்பு நாரில் விழுந்திருந்தது. போன் அசையாமல் இருக்க மற்றக் கையாலும் தாங்கிக்கொண்டேன்.

"தெரியுதே பிள்ளை?"

"இல்லை அப்பா" என்றாள். "படம் நிண்டுட்டுது. ஒண்டும் தெரியேல்லை. ஆனா வைக்காதேங்கோ, பிடிச்சுக்கொண்டிருங்கோ."

நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.